அலைகளோடு இரண்டு நாள்

காரைக்குடிப் பகுதியினராகிய நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு விந்தையானது. நம் ஊரில் கடல் இல்லை. ஆயினும் நம் தெருக்களில் நிமிர்ந்து நிற்கும் பெருவீடுகளின் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு மரங்கள். அவ்வீடுகளின் சலவைக்கல் இத்தாலியிலிருந்தும் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் கடல் கடந்து வந்தவை. நகரத்தார் பெருமக்கள் இரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்று பொருளீட்டினர். நம் சமுதாயத்து முன்னோரும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர்; அவர்தம் பேரன்மார் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து இங்குக் குடியேறியவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கடல்கோளின் நினைவால்தான் அவர்கள் வீட்டுத் திண்ணைகளை இத்துணை உயர்த்திக் கட்டினர் என்று முதியோர் சொல்வதும் உண்டு. இவ்வளவு தூரம் கடலோடு தொடர்புடைய மண்ணில், இடுப்பளவு கடல்நீரில் அச்சமின்றி நிற்கத் தெரிந்த இளைஞர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், விரல் விட்டு எண்ணி விடலாம்.

நாம் அறிந்த கடல் தொண்டிக் கடல்தான். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பேருந்தில் சென்றால் வந்துவிடும். மீமிசலும் தேவிபட்டினமும் அப்படியே. அங்கெல்லாம் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. இலங்கைத் தீவு அரண்போல் குறுக்கே நிற்பதால் பெருங்கடலின் அலைகள் அங்கு வந்து சேர்வதில்லை. அந்த அமைதியான நீரைக் கண்டு பழகிய நம் பிள்ளைகள், மெரினாவிலோ மாமல்லபுரத்திலோ வேளாங்கண்ணியிலோ இறங்கும்போது, அதுவும் அதே கடல் என்று எண்ணிக் கொள்கின்றனர். இந்த எண்ணத்தில்தான் இடர் தொடங்குகிறது.

சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர், இளங்கலை மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். தென் அமெரிக்காவில், எக்வடோர் நாட்டுக் கரையிலுள்ள மொந்தானீட்டா என்னும் சிற்றூர் அது. மீனவர் ஊராக இருந்து, அலைச்சறுக்கு விளையாட்டால் உலகெங்கிலுமிருந்து இளைஞர் கூடும் கலகலப்பான கடற்கரையாக மாறியது. கூரை வேய்ந்த உணவு விடுதிகள், வண்ணப் பலகைகளைச் சுமந்து செல்லும் இளைஞர்கள், பின்னால் எழும் அலை. “ஐயா, இப்படி ஓர் ஊர் நம் நாட்டில் இருக்குமா?” என்று அவர் கேட்டார். “ஏன் இல்லை? கோவளம் இருக்கிறதே” என்றேன். கேரளத்துக் கோவளத்தை அவர் நினைத்துக் கொண்டார். நான் சொன்னது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டை அடுத்துள்ள கோவளம். சொன்ன பிறகு அந்த ஊரை நிதானமாகப் பார்த்துவர வேண்டும் என்னும் ஆசை எனக்கே எழுந்தது. விடுமுறையின் இறுதி வாரத்தில் குடும்பத்தோடு பல்லவன் விரைவு வண்டியில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்றடைந்தோம். இரண்டு நாள் தங்கினோம்.

ஓய்வு என்பதற்கு அவ்வூர் நல்ல இலக்கணம். காலை பஜ்ருத் தொழுகைக்குப் பின் கடற்கரைக்குச் சென்றால், கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம். வெயில் ஏறிய பின் ஓலைக் கூரையின் கீழ் அமர்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அலையோசையைக் கேட்டபடியே இருக்கலாம். யாரும் அவசரப்படுத்துவதில்லை. தேர்வுத்தாள்களும் வருகைப் பதிவேடும் மனத்திலிருந்து மெல்ல நழுவுகின்றன. நண்பகலில் வஞ்சிர மீன் வறுவலோடு சோறு. மாலையில் மீண்டும் மணல். பயணத்தில் இருப்போர்க்குத் தொழுகையைச் சுருக்கிக் கொள்ளும் சலுகையை நம் மார்க்கம் வழங்கியிருப்பதை எண்ணினேன். மனித உடலின் களைப்பை அறிந்த இறைவனின் கருணை அது.

கோவளம் வெறும் மணற்பரப்பன்று. வரலாறு படிந்த ஊர். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் துறைமுகமாக விளங்கியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு வணிகக் குழுவினர் இங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். நபித்தோழர் என்று மக்கள் நம்பிப் போற்றும் தமீம் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா கடலுக்கு அருகில் இருக்கிறது. கார்மேல் மாதாவின் பெயரால் அமைந்த கத்தோலிக்கத் தேவாலயம் ஒருபுறம். மீனவர் வழிபடும் கோயில்கள் மற்றொருபுறம். பாங்கொலியும் தேவாலய மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. 2021ஆம் ஆண்டில் இவ்வூர்க் கடற்கரை ‘நீலக்கொடி’ என்னும் பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றது. நீரின் தூய்மை, பாதுகாப்பு, உயிர்காப்பாளர் ஏற்பாடு ஆகியவற்றை அளந்து பார்த்து அளிக்கப்படும் சான்றிதழ் இது.

இவை அனைத்திலும் என் கருத்தைக் கவர்ந்தது, அலைகளின்மேல் நின்று வரும் இளைஞர் கூட்டமே. மனித உயரத்துக்கும் மேற்பட்ட நீளமுடைய பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் தள்ளிக் கடலுக்குள் செல்கின்றனர். தக்க அலை வரும்வரை காத்திருக்கின்றனர். அலை தூக்கிய நொடியில் துள்ளி எழுந்து, பலகையின்மேல் நின்றபடி கரைநோக்கிச் சறுக்கி வருகின்றனர். குதிரை வீரரைக் காண்பது போலிருந்தது.

இவ்விளையாட்டு இவ்வூரில் வேரூன்றியதற்குக் காரணமானவர் மூர்த்தி மேகவன். கோவளத்து மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். அலைச்சறுக்குப் பலகையைக் கண்ணால் காணாத இளமைக் காலத்திலேயே மரப்பலகையை வைத்துக்கொண்டு அலையேறி விளையாடியவர். பின்னர் முறையான பலகை கிட்டியது, கலை கைவந்தது. 2012இல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு இங்கு அலைச்சறுக்குப் பள்ளி தோன்றியது. குப்பத்துச் சிறுவர்கள் அங்கே பயின்று, தாமே பயிற்றுநர்களாயினர். புகையும் மதுவும் கூடாது என்பது அங்குள்ள இளைஞர்க்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. 2013இல் அலைச்சறுக்குத் திருவிழா தொடங்கிற்று. 2023இல் பக்கத்து ஊராகிய மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிப் போட்டி நடைபெற்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் அங்கேயே நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், முதன்முறையாக இடம்பெற்ற விளையாட்டு இது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

என் மகளும் மகனும் பயிற்சிக்குச் செல்ல விரும்பினர். பத்தாம் வகுப்பு முடித்த பெண். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். கைகால் முழுவதும் மறைக்கும் உடை அங்கேயே கிடைத்தது. வெயிலிலிருந்தும் பலகையின் உராய்விலிருந்தும் காத்துக்கொள்ள அங்குப் பலரும் அணிவதே அது. எனினும் எங்களுடன் வந்திருந்த உறவினர் ஒருவர், “பொம்பளைப் பிள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?” என்று முகம் சுளித்தார். நான் மறுமொழி கூறுமுன் என் தாயார் குறுக்கிட்டார்: “ஏம்ப்பா, எங்க காலத்துல கண்மாயில நீந்தத் தெரியாத பொண்ணு நம்ம ஊர்ல உண்டா?” உறவினர் அதற்குமேல் பேசவில்லை.

பயிற்றுநர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மீனவ இளைஞர். பிள்ளைகளை நேரே நீருக்குள் அழைத்துச் செல்வார் என்று எண்ணினோம். அவரோ மணலில் உட்கார வைத்துவிட்டார். “பலகையைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி தண்ணியைப் பத்திச் சொல்லணும், பாய்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்தப் பாடம் நடந்தது. கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நான், அன்று மாணவனாக அமர்ந்து கேட்டேன்.

அலை என்பது தொலைவிலிருந்து ஓடிவரும் நீர் அன்று. நீரின் ஊடே ஓடிவரும் அசைவு. எங்கோ தென்கடலில் வீசிய காற்று எழுப்பிய அசைவு பல நாள் பயணம் செய்து நம் கரையை அடைகிறது. கரை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அலையின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைய, மேற்பகுதி முந்திக்கொண்டு சரிகிறது. அதுவே அலை உடைதல். உடைந்த அலைகள் கரையில் கொண்டு வந்து குவித்த நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டுமல்லவா? அது ஏதேனும் ஒரு குறுகிய வழியைத் தேர்ந்து, ஆறுபோல் விரைந்து உள்நோக்கி ஓடும். அந்த இழுவை நீரோட்டம் உள்ள இடத்தில் அலைகள் அவ்வளவாக உடைவதில்லை. எனவே அறியாதார் கண்ணுக்கு அவ்விடம் அமைதியாகத் தோன்றும். “புதுசா வர்றவங்க அலை இல்லாத இடமாப் பார்த்துத்தான் இறங்குவாங்க. அதுதான் இழுக்கிற இடம்” என்றார் அந்த இளைஞர்.

அதில் அகப்பட்டவர் செய்ய வேண்டுவதையும் அவர் கூறினார். கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. எத்தகைய வலிமை உடையவரும் களைத்துப் போவர். பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இயலுமானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தைக் கடந்தபின் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் முழங்காலளவு நீரைத் தாண்டவே கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டவை, சுற்றுலா செல்லும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டியவை.

அதன்பின் பிள்ளைகள் நீரில் இறங்கினர். முதல் நாள் விழுவதும் எழுவதுமாகக் கழிந்தது. இரண்டாம் நாள் என் மகள் பலகைமேல் சில நொடிகள் நின்றாள். கரையில் அமர்ந்திருந்த என் தாயார் “மாஷா அல்லாஹ்” என்றார். முகம் சுளித்த உறவினரும் கைதட்டினார்.

மாணவர் காட்டிய தென் அமெரிக்கப் படம் அங்கே எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்தக் கண்டத்தில் அலையேறும் வழக்கம் வெளிநாட்டுப் பயணிகளால் மட்டும் வந்ததன்று. பெரு நாட்டில், துருகில்லோ நகருக்கு அருகில், உவான்சாக்கோ என்னும் மீனவர் ஊர் உள்ளது. நம் கோரைக்கு இனமான ஒரு நீர்த்தாவரத்தைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து, முனை மேல்நோக்கி வளைந்த சிறு மிதவைகளை அவ்வூர் மீனவர்கள் செய்கின்றனர். அதற்கான கோரையைக் கடற்கரையை அடுத்த குட்டைகளில் தாமே வளர்க்கின்றனர். மீன்பிடித்துத் திரும்புகையில் அம்மிதவைமேல் அமர்ந்து அலையின் முதுகிலேறிக் கரை சேர்கின்றனர். பழைய மோச்சே நாகரிகத்தின் மட்கலங்களிலும் இத்தகைய மிதவைகளின் உருவங்கள் காணப்படுகின்றன. எசுப்பானிய மொழியில் இதன் பெயருக்குக் ‘கோரைக் குட்டிக் குதிரை’ என்று பொருள். அலைச்சறுக்கு வீரனைக் கண்டதும் எனக்குக் குதிரை வீரன் நினைவு வந்ததற்கும், அம்மிதவைக்குக் குதிரையின் பெயர் அமைந்ததற்கும் உள்ள ஒப்புமை வியப்பளிக்கிறது.

நமக்கும் அப்படியொரு குதிரை இருந்தது. அதுதான் கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய அந்த எளிய கலத்தில் நின்று, உடையும் அலைகளைக் கடந்து சென்று திரும்பியவர்கள் சோழமண்டலக் கரை மீனவர்கள். அச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்று, இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராகி, உலகெங்கும் வழங்குகிறது. சொல்லை உலகுக்குக் கொடுத்த நாம், கலத்தைக் கண்ணாடியிழைப் படகுகளுக்கு விட்டுக் கொடுத்தோம். ஆனால் அலை எங்கே உடையும், எப்போது உடையும் என்னும் அறிவு மீனவர் பிள்ளைகளிடம் எஞ்சியிருந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்த குடியினர் அல்லவா? அவ்வறிவுதான் இன்று பலகைமேல் ஏறி நிற்கிறது. உவான்சாக்கோவிலும் கோவளத்திலும் உழைப்பே விளையாட்டுக்குத் தாயாக இருந்திருக்கிறது.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கடலை அறியாத உள்நாட்டார்க்கே கடற்கரை புதுமை; நெய்தல் நிலத்தார்க்கு அது வீடு. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் காட்டுகிறார். முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. உண்டும் ஆடியும் ஓய்ந்திருக்கின்றனர். கடலாடுகின்றனர், பின் உப்புப் போக நன்னீரில் நீராடுகின்றனர், நண்டுகளை அலைக்கழித்தும் திரையில் பாய்ந்தும் மகிழ்கின்றனர். கடற்கரை ஓய்வைப் பற்றிய பழந்தமிழ்ச் சித்திரம் இது. அந்த ஓய்வு விருந்தினர்க்கு உரியதாக இல்லை. அங்கே உழைப்பவர்க்கே உரியதாக இருந்தது என்பது எண்ணத்தக்கது.

இன்று நிலைமை வேறு. ஓய்வு நம்முடையது, உழைப்பு அவர்களுடையது. கடற்கரை மனைகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகும்போது, வலை உலர்த்தவும் படகு நிறுத்தவும் மீனவர்க்குத் தேவையான மணல் சுருங்கும் அச்சம் எங்கும் உள்ளது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் புதுப்பிக்கப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விருந்தினராகச் செல்லும் நமக்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும். வலைமேல் மிதிக்காமை, குப்பையைக் கடலில் எறியாமை, அவ்வூரார் நடத்தும் கடையில் உண்ணுதல், அவர் தரும் எச்சரிக்கையைக் கேட்டல் ஆகியன அதில் அடங்கும். கோவளத்தில் மீனவ இளைஞர் ஆசிரியராகவும் நாம் மாணவராகவும் இருந்தோம். அந்த முறைமை எனக்குப் பிடித்திருந்தது.

இனி, என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். கோடை தோறும், சுற்றுலா சென்ற கல்லூரி மாணவர் கடலில் மூழ்கி இறந்தனர் என்னும் செய்தியை நாளேட்டில் படிக்கிறோம். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற உள்நாட்டு ஊர்களைச் சேர்ந்தவர்கள். இது விதி என்று சொல்லிக் கண்ணீர் விடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

எங்கள் இளமையில் செட்டிநாட்டுப் பகுதியில் நீச்சல் என்பது தனியே கற்பிக்கப்பட்ட கலையன்று. குடிநீர் ஊருணியில் காலை நனைக்கவும் பெரியோர் விடமாட்டார்கள். ஆனால் கண்மாய் இருந்தது. தோட்டத்துக் கிணறு இருந்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீரில் இறக்கிவிடுவார்கள். என் அத்தா என்னைக் கிணற்றுப் படியில் நிறுத்தி, தாம் நீரில் நின்று கைநீட்டி அழைத்தது நினைவிருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் நீச்சல் வந்துவிடும். இன்று பல கண்மாய்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிணறுகள் வற்றி ஆழ்துளைக் குழாய்கள் வந்துவிட்டன. நீர்நிலைகளோடு ஒரு தலைமுறையின் நீச்சலும் போயிற்று. நீரையே அறியாமல் வளர்ந்த பிள்ளை, கடலைக் கண்டதும் துள்ளிக் குதித்து இறங்குகிறான்.

நம் மார்க்கம் நீரை அஞ்சி விலகச் சொன்னதில்லை. கடலும் கப்பலும் இறைவனின் சான்றுகளாகத் திருக்குர்ஆனில் பலமுறை எடுத்துக்காட்டப்படுகின்றன. கடற்பயணம் செய்வோர் கேட்ட கேள்விக்கு விடையாகத்தான், கடல்நீர் தூய்மையானது என்னும் நபிமொழி நமக்குக் கிடைத்தது. பிள்ளைகளுக்கு நீச்சலும் வில்வித்தையும் குதிரையேற்றமும் கற்பிக்குமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கூறியதாக ஓர் அறிவுரை வழங்கி வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களின் நம் முன்னோர் மரக்கலம் செலுத்தி வாழ்ந்தனர். உடற்பயிற்சியும் ஒழுக்கத்தோடு கூடிய விளையாட்டும் ஆண்பிள்ளைக்கு மட்டுமே உரியன என்று எண்ணுவதற்கு இம்மரபில் இடமில்லை. வெள்ளம் வரும்போது அது ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நமக்கு அதைக் கற்பித்துச் சென்றது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் என் வேண்டுகோள் இது. ஊர்தோறும் ஒரு கண்மாயையேனும் கருவேலம் நீக்கித் தூய்மை செய்வோம். நீச்சலறிந்த பெரியவர்களைக் கொண்டு சிறுவர்க்கும், தக்க மறைவும் பெண் பயிற்றுநரும் அமைத்துச் சிறுமியர்க்கும் நீந்தக் கற்பிப்போம். கல்லூரிச் சுற்றுலாவில் கடற்கரை இடம்பெறுமானால், புறப்படுமுன் ஒரு மணி நேரம் கடலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்போம். போய்ச் சேர்ந்ததும் அவ்வூர் மீனவர் ஒருவரை அழைத்து, எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று கேட்டுக் கொள்வோம்.

கடற்கரைக்குச் செல்ல வேண்டாம் என்று நான் மாணவரைத் தடுக்க மாட்டேன். கோவளத்தில் அந்த இரண்டு நாளும் நான் பெற்ற ஓய்வு அவர்களுக்கும் கிட்ட வேண்டும். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க வரும் மாணவரிடம் கட்டணத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: “உனக்கு நீந்தத் தெரியுமா?” தெரியாது என்பவர்க்குக் கற்பிக்க ஓராண்டு காலம் நம் கையில் இருக்கிறது. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக.